அரிசியில் எழுந்த குத்துவிளக்கு

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளா, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மென்பொருள் சொல்லித்தர வராது. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை என்னைவிட வேகமாக நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் கற்ற பொத்தான்கள் எல்லாம் இப்போது இடம் மாறிப் போயிருக்கும். மலேசியாவில், ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் கல்யாணக் கார்டு, கோயில் பேனர், கடைப் பெயர்ப்பலகை என்று செய்து செய்தே தலை நரைத்தவள் நான். வாயைப் பிளந்து நின்ற கதைதான் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

கடை முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நல்ல மனுஷன், ஆனால் புதிதாக எதைச் சொன்னாலும் முகத்தைச் சுளிப்பார். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மயில், ஒரு கலசம், ஒரு மாவிலைத் தோரணம், ஒரு குத்துவிளக்கு இருந்தன. ஜொகூரில் பாதிக் கல்யாணம் அந்த ஒரே மயிலை வைத்துத்தான் நடந்தது. மயில் இடப்பக்கம் பார்த்தால் ஒரு வீட்டுக் கல்யாணம், வலப்பக்கம் பார்த்தால் இன்னொரு வீட்டுக் கல்யாணம். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஒரு நாள் மதியம் ஒரு பெண் வந்து, "மயில் வேணாம்கா, தாமரை போடுங்க" என்றாள். நல்ல தாமரை எதுவும் கையில் இல்லை. இணையத்தில் தேடினேன். தேடப்போய் எங்கேயோ ஒரு பக்கத்தில் விழுந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் வரைகிற ஆட்கள் தங்கள் படங்களைப் போட்டுவைக்கும் இடம் அது. ஒரு தாமரை இலை, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். திரையில்தான் தண்ணீர் பட்டுவிட்டது என்று நினைத்துத் துப்பட்டா முனையால் துடைத்தேன். போகவில்லை. மறுபடியும் துடைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தச் சொட்டு யாரோ வரைந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதற்குக் கீழே இன்னொரு படம், அதற்கும் கீழே இன்னொன்று. காடு, கடல், கிழவனின் கை, பாசி பிடித்த சுவர், ஆகாயத்தில் மிதக்கும் ஊர். இறங்க இறங்கத் தீரவில்லை. இத்தனை வருஷமாக ஒரே மயிலைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோமே, அந்தப் பக்கம் இவ்வளவு பேர் உட்கார்ந்து உலகத்தையே வரைந்துகொண்டிருந்தார்களா என்று இருந்தது. அன்றைக்குக் கல்யாணக் கார்டு முடியவில்லை.

அந்த ஆட்களில் பலர் பயன்படுத்திய வரையும் மென்பொருள் ஓசியில் கிடைத்தது. தவுக்கேயிடம் சொன்னேன். "சும்மா குடுத்தா வைரஸ்லா, சரசு" என்றார். விசாரித்துப் பார்த்தால், பல நாட்டு ஆட்கள் சேர்ந்து, தங்கள் வேலை போக மீதி நேரத்தில் அதைச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். கோயில் அன்னதானத்துக்கு உள்ளே வருகிற ஆளை யார் என்று கேட்காமல் இலை போடுவார்களே, அப்படி. நானும் உட்கார்ந்தேன். எனக்கும் இலை போட்டார்கள்.

சொல்லித்தந்தவர் ஒருவர் உண்டு. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அவர் வீடியோக்களில் பேச்சே இருக்காது. இரண்டு கைகள், ஒரு பேனா, ஒரு திரை, அவ்வளவுதான். சில சமயம் பின்னால் நாய் குரைக்கும். நான் இங்கே பக்கத்துக் கடைத் தேநீரை வைத்துக்கொண்டு அந்தக் கைகளைப் பார்ப்பேன். அவர் கோடு போட்டால் நானும் போடுவேன், அவர் அழித்தால் நானும் அழிப்பேன். பள்ளியில்கூட நான் யாருக்கும் அவ்வளவு கீழ்ப்படிந்ததில்லை.

இப்போது புஷ்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புஷ்பா என் சிநேகிதி. சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றில் வேலை; தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய்வருவாள். வேலை அது, உயிர் கோலம். தீபாவளி வந்தால் இங்கே மால்களில் தரையில் சாயமேற்றிய அரிசியால் கோலம் போடுவது உங்களுக்குத் தெரியும். ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு மாலில் ஆண்டுதோறும் புஷ்பாவின் குழுதான் போடும். முதலில் அவள் ஒருத்தியாகத் தரையில் மண்டியிட்டு, சாக்குக்கட்டியால் கோடு இழுப்பாள். அளவுநாடா கிடையாது, மாதிரிப் படம் கிடையாது. பிறகு மற்றப் பெண்கள் உள்ளிருந்து வெளியே அரிசியை நிரப்பிக்கொண்டே பின்னால் நகர்ந்து வருவார்கள். மலாய்க்காரர், சீனர் எல்லாரும் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். கோலத்துக்கு நடுவில் முட்டிபோட்டு, தலைமுடியை வாரிச் சொருகிக்கொண்டு, "ஏய், காலு! காலைப் பாத்து வை!" என்று அதட்டும் புஷ்பாவைப் பார்த்தால் ராணி மாதிரி இருக்கும்.

ஒரு நாள் காலை மழையில் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலி வந்தது.

ஆஸ்பத்திரியிலும் அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்தபின்னும் அழவில்லை. அந்த வருஷத் தீபாவளிக்குக் குழுப் பெண்கள் வந்து, "அக்கா, நீங்க வந்து உக்காந்து சொல்லுங்க, நாங்க கோடு போடுறோம்" என்றபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "மூலையில உக்காந்து வாய் பேசவா நான் வரணும்? போங்கடி. வேற ஆளைப் பாருங்க" என்று விரட்டிவிட்டாள். அவர்கள் போனபின் என்னிடம், "சரசு, தரையில எறங்க முடியாதவளுக்குக் கோலம் எதுக்குலா?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் கோலத்தை விட்டுவிட்டால் அந்த நாற்காலியில் மிச்சம் என்ன உட்கார்ந்திருக்கும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் கடையிலிருந்த, கம்ப்யூட்டரில் இணைத்து வரையும் வரைபலகையையும் பேனாவையும் தவுக்கேயிடம் கேட்டு எடுத்துக்கொண்டு, என் மடிக்கணினியோடு அவள் வீட்டுக்குப் போனேன். "இது என்னாடி, பிள்ளைங்க விளையாட்டு?" என்றாள். மடியில் வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தேன். அந்தப் பெயர் தெரியாதவரின் கைகள் எனக்குக் காட்டிக்கொடுத்த ஒரு வசதியை முடுக்கிவிட்டேன். ஒரு பக்கம் வரைந்தால் சுற்றிலும் அத்தனை பக்கத்திலும் அதுவே வரையப்படும்.

புஷ்பா வேண்டாவெறுப்பாக ஓர் இதழை இழுத்தாள். திரையில் ஒரு முழுப் பூ விரிந்தது.

பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். கையைச் சுட்டதுபோல் உதறினாள். அப்புறம் மெதுவாகப் பேனாவை எடுத்து இன்னொரு கோடு. பூவைச் சுற்றி ஒரு வளையம் பூத்தது. இன்னொன்று. இன்னொன்று. அவள் கை வேகம் பிடித்தது. மண்டியிட்டு இழுக்கும்போது இருந்த அதே வேகம். திரை முழுக்கக் கோலம் வளர்ந்து, விளிம்பைத் தாண்டி ஓடியது.

"தப்பாயிருச்சுன்னா?" என்றாள்.

பின்னோக்கிப் போகும் விசையைக் காட்டினேன். அவள் அழுத்தினாள், கடைசிக் கோடு மறைந்தது. திரும்ப அழுத்தினாள், அதற்கு முந்தியது மறைந்தது. ஒவ்வொன்றாக எல்லாம் போய் வெற்றுத் திரை வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அழுதாள். நான் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் கொதிக்கவைப்பதுபோல் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது அவள் மறுபடி முதல் இதழை வரைந்துகொண்டிருந்தாள்.

ஒரு மாதத்தில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் பொய்யில்லை. தெரு ஓவியங்களை இணையத்தில் தேடிப் பிடித்தாள். தரையில் தட்டையாக வரைந்த பள்ளம், ஆனால் ஓர் இடத்தில் நின்று பார்த்தால் விழுந்துவிடுவோம்போல் இருக்கும். தட்டையாக வரைந்த யானை, ஆனால் எழுந்து நிற்கும். அதையெல்லாம் என்னிடம் காட்டி, "சரசு, இதையே அரிசியில போட்டா?" என்றாள். "குத்துவிளக்கு. தரையில இருந்து எந்திரிச்சி நிக்கணும். சுடரு ஆள் ஒசரம்."

எனக்கு அந்த வித்தை தெரியாது. பெயர் தெரியாத கைகளுக்குத்தான் எழுதினேன். என் அரைகுறை ஆங்கிலத்தில், என் சிநேகிதி நடக்கமாட்டாள், அரிசியில் விளக்கு எழுப்ப வேண்டும், எப்படி என்று கேட்டேன். பதில் வரவில்லை. சில நாள் கழித்து ஒரு புது வீடியோ வந்தது. அதே கைகள். தரை, பார்க்கும் இடம், அங்கிருந்து கோடுகள், படத்தை எப்படி நீட்டி இழுப்பது, எல்லாம் மெதுவாக, மிக மெதுவாக. கடைசியில் அந்தக் கைகள் ஒரு சின்ன எண்ணெய் விளக்கை வரைந்து காட்டின. உலகத்தின் எந்த மூலையிலோ யாரோ ஒருவர் எங்கள் விளக்குக்காக உட்கார்ந்திருக்கிறார். புஷ்பா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும்தான்.

மாலில் விழாப் பொறுப்பு ஃபரிடா என்ற மலாய்ப் பெண்ணிடம் இருந்தது. திரையில் காட்டியதும் ஆசைப்பட்டுவிட்டாள். புஷ்பா குழுவைத் திரும்பக் கூப்பிட்டாள். "அக்கா வந்துட்டாங்க!" என்று பெண்கள் ஓடி வந்தார்கள். ஆனால் என்னிடம் தனியாகச் சொல்லிவைத்தாள்: "இது நின்னா நான் இருக்கேன், சரசு. நிக்கலன்னா என்னை இனிமே எதுக்கும் கூப்பிடாத. வீட்டுல கெடக்கேன்."

அவள் வரைந்தாள். நான் கடை இயந்திரத்தில் உருளை உருளையாகக் கோட்டுப்படம் அச்சடித்தேன். ஸ்கூடாய் நெரிசலில் அந்த உருளைகளைக் காரின் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தரையில் விரித்து ஒட்டினோம். பார்க்க வேண்டிய இடத்தில் நாடா ஒட்டி அடையாளம் வைத்தோம். அந்த இடத்தில் புஷ்பாவின் நாற்காலி நின்றது. பெண்கள் தரையில் உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினார்கள். புஷ்பா அங்கிருந்தே, "மஞ்சளை இன்னும் ஒரு விரல் இழு, பின்னால கறுப்பு விடு" என்று அதட்டினாள். அடிக்கடி என்னைக் கூப்பிட்டு, "சரியா வருதா பாருடி" என்பாள். நான் போய்க் குனிந்து, அவள் தோளோடு தலையை வைத்துப் பார்ப்பேன். விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் பிற்பகல் நிரப்பி முடித்தார்கள். பெண்கள் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆசையோடு நாடா ஒட்டிய இடத்துக்கு வந்து நின்றார்கள். நாங்கள் கைதட்டலுக்குக் காத்திருந்தோம்.

தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்கள்.

"அக்கா," என்றாள் ஒருத்தி தயங்கி, "இது என்னமோ... ரப்பரை இழுத்த மாதிரி இருக்கே."

நான் போய் நின்று பார்த்தேன். எங்கள் விளக்கு எழுந்து நிற்கவில்லை. தரையோடு தரையாகப் படுத்து, கழுத்து நீண்டு, எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. பிசகிய படம் ஒன்றை யாரோ கொட்டிவைத்ததுபோல் இருந்தது. நேற்றுப் பார்த்தேனே, நல்லாயிருந்ததே! வீட்டு முற்றத்தில் அச்சடித்த படத்தில் ஒரு துண்டை விரித்துச் சோதித்தோமே!

ஃபரிடா வந்தாள். அவள் மலாயில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன். "ஆன்ட்டி, நாளைக் காலையில் சட்டமன்ற உறுப்பினர் திறந்துவைக்க வருகிறார். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். இதை எப்படிக் காட்டுவேன்? உங்கள் கடையில் பெரிய ஸ்டிக்கர் அடிப்பீர்களே, ஒரு மயில் அடித்து இதன்மேல் ஒட்டிவிடுங்கள். இன்று மாலைக்குள் முடியுமா?"

முடியும். அதுதான் கொடுமை. அந்த மயில் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. தவுக்கேயைக் கூப்பிட்டுச் சொன்னால் போதும். பிள்ளைகளா, இதைக் கவனியுங்கள்: அவசரம் வரும்போது சுலபமான வழி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக நிற்கும். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஒட்டிருங்க," என்றாள் புஷ்பா. அவள் யாரையும் பார்க்கவில்லை. "எனக்கு நல்லாத்தான் தெரியுது, சரசு. இப்பகூட நல்லா நிக்குது. அப்பன்னா என் கண்ணு கெட்டுப்போச்சு. காலு போச்சு, இப்ப கண்ணும் போச்சு." சக்கரத்தைத் திருப்பி லிஃப்ட் பக்கம் தள்ளத் தொடங்கினாள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "எங்கடி போற, நில்லு!" என்று பாய்ந்து, அவள் நாற்காலிக்கு முன்னால் குந்தி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் தள்ள, நான் பிடிக்க, பெரிய அசிங்கமாகிவிட்டது. ஆட்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். யாராவது வந்து இவளைப் பிடிக்கமாட்டார்களா என்று தலையைத் திருப்பினேன்.

விளக்கு நின்றது.

பளபளவென்று, ஆள் உயரத்துக்கு, மாலின் தரையைப் பிளந்துகொண்டு எழுந்ததுபோல் நின்றது. தண்டில் வெளிச்சம் பட்டு மின்னியது. சுடர் காற்றில் அசைவதுபோல்கூட இருந்தது. அத்தனையும் அரிசி. நான் எழுந்தேன். விளக்கு படுத்தது. குந்தினேன். எழுந்தது. பைத்தியக்காரிபோல் எழுந்தும் குந்தியும் பார்த்தேன்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. புஷ்பா நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து நான் அவளோடு நின்றபடி பேசியதே கிடையாது. நின்று பேசினால் அவள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்குமே என்று, பக்கத்தில் போனாலே குனிந்துவிடுவேன். பழகிப்போய்விட்டது. வீட்டில் சோதித்தபோதும் குனிந்துதான் பார்த்தேன், இங்கேயும் குனிந்துதான் பார்த்தேன். அவள் தன் கண் உயரத்துக்கு வரைந்தாள், நானும் அதே உயரத்தில் தலையை வைத்துச் சரி என்று தலையாட்டினேன். நின்று பார்க்கிறவர்களின் கண் எங்கே இருக்கும் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு, கழுதை!" என்று கத்தினேன். "அவங்கதான் ஒசரத்துல நிக்கிறாங்க!"

அவளுக்குப் புரியவில்லை. ஃபரிடாவின் கையைப் பிடித்து இழுத்து, "உட்காரு, உட்காரு" என்றேன். அவள் தன் நல்ல உடுப்பைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்துப் பயந்தே உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அலமாக்!" என்று மலாயில் வியந்து வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்திருக்கவே இல்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி விசும்பினாள். அவள் கையால் நிரப்பிய அரிசிதான், அவளுக்கே நம்ப முடியவில்லை.

அப்போதும் முடிவு சுலபமாக வந்துவிடவில்லை. ஃபரிடா எழுந்ததும் மறுபடி அதிகாரியாகிவிட்டாள். பெரிய ஆளை எப்படி உட்காரச் சொல்வது, அவர் உட்காராவிட்டால் என்ன செய்வது, பத்திரிகைப் படத்தில் எப்படி வரும் என்று கேட்டாள். நியாயமான கேள்விகள். என் கண்ணால் பார்த்தது மட்டும் என்னிடம் இருந்தது. "ஃபரிடா, நீ உட்கார்ந்தபோது என்ன சொன்னாய்? அதை அவரும் சொல்வார். மயிலைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். எனக்குத் தெரியும், அந்த மயிலை நான் ஜொகூர் முழுக்க ஒட்டியவள்" என்றேன். அவள் மறுபடி குனிந்து விளக்கைப் பார்த்தாள். பிறகு காவலாளியைக் கூப்பிட்டு, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். அதை நாடா ஒட்டிய இடத்தில் புஷ்பாவுக்குப் பக்கத்தில் போட்டோம். நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை மேளம், பூமாலை எல்லாம் முடிந்து சட்டமன்ற உறுப்பினர் வந்தார், தமிழர்தான். கூடவே ஒரு கூட்டம். நாடா ஒட்டிய இடத்தில் நின்று கோலத்தைப் பார்த்தார். பெரிய மனிதர்கள் ஒன்றும் புரியாதபோது வைத்துக்கொள்ளும் புன்னகையை முகத்தில் வைத்துக்கொண்டார். ஃபரிடா மரியாதையான வார்த்தைகளைத் தேடி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, உக்காருங்க," என்றாள் புஷ்பா.

உதவியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவளைப் பார்த்தார், காலி நாற்காலியைப் பார்த்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். புன்னகை போய்விட்டது. வாய் லேசாகத் திறந்தது. "எந்திரிச்சி நிக்குதே!" என்றார். பிறகு கூட்டத்தையெல்லாம் மறந்து, புஷ்பா பக்கம் திரும்பி, "யாரும்மா போட்டது?" என்றார். பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "எங்க அக்கா!" என்றார்கள்.

அதற்குப் பிறகு வரிசைதான். நாற்காலியில் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்தார்கள். சீனக் கிழவர் ஒருவர் உட்கார்ந்து, எழுந்து, வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றார். வேலை முடிந்து தொழிற்சாலைச் சீருடையிலேயே ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். கண்ணெல்லாம் தூக்கம். உட்கார்ந்தாள். விளக்கு எழுந்தது. அவள் இரண்டு கையையும் நீட்டி, அந்தச் சுடரில் காட்டி, கண்களில் ஒற்றிக்கொண்டாள். தரையில் கிடக்கும் சாயமரிசி அது. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. கை தானாகப் போய்விட்டது. நான் திரும்பிப் புஷ்பாவைப் பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை.

பிள்ளைகளா, நீங்கள் பயன்படுத்தும் கருவிகள் எங்கள் காலத்தைவிடப் பெரியவை. கேட்டால் படத்தையே வரைந்து கொடுத்துவிடுகின்றன என்கிறார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். பார்த்தால் எனக்கும் வாய் பிளக்கிறது. ஆனால் படம் முடிந்ததும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்: இதை யாருடைய கண்ணிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்? திரைக்கு அது தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிசகிப்போன வேலையை மூடி ஒட்டுவதற்கு முன் அதை எல்லாப் பக்கமும் சுற்றி வந்து பாருங்கள். குந்தியும் பாருங்கள்.

தீபாவளி முடிந்து அரிசியை வாரி எடுத்த பிறகு ஒரு நாள் புஷ்பா வீட்டுக்குப் போனேன். துவண்டுபோய்க் கிடப்பாளோ என்று உள்ளுக்குள் பயம். கதவு திறந்தே கிடந்தது. அவள் சன்னலோரம் வரைபலகையை மடியில் வைத்துக்கொண்டு, நான் வந்ததுகூடத் தெரியாமல் வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அடுத்த வருஷத்துக்கு. ஒரு தேர், தரையிலிருந்து கிளம்புகிறது. எனக்கு மூச்சே நின்றது.

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஏன் புஷ்பா, இந்தத் தடவை நிக்கிறவங்க ஒசரத்துக்கே போட்டுருவோமா? இப்பத்தான் கணக்குத் தெரிஞ்சுபோச்சே, சுலபம்தானே" என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. தேர்ச்சக்கரத்தின் ஆரத்தை இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"அவங்களுக்கு முட்டி இருக்கில்ல? மடக்கட்டும்."